இறங்கி வரும் வளையம்

எங்கள் வீட்டுச் சாமான்களில் கொடுத்த காசுக்கு மேலே சந்தோஷம் தந்தது எது என்று யாராவது கேட்டால், எனக்கு யோசிக்கவே தேவையில்லை. கராஜ் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அந்த பாஸ்கெட்போல் ஹூப்தான்! அடியில் சக்கரம் பூட்டிய, இடம் மாற்றக்கூடிய, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹூப். கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இது நிற்பதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகளுக்கான சாமான் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் அதற்காகச் சண்டை பிடிக்கிற ஆட்களின் வயது எட்டிலிருந்து எழுபது வரை போகிறது. அந்தச் சண்டையில் முன்னுக்கு நிற்பவள் நான்.

காரணம் உண்டு. நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் வலைப்பந்து ஆடியவள், அதுவும் கோல் போடுகிற இடத்தில். வலைப்பந்து வளையத்தின் உயரம் 3.05 மீற்றர். பாஸ்கெட்போல் வளையத்தின் உயரமும் அதே 3.05 மீற்றர், அதாவது பத்தடி. ஆனால் வலைப்பந்தில் வளையத்தின் உள்விட்டம் 38 சென்றிமீற்றர்தான். பின்பலகை என்ற ஒன்றே கிடையாது. பந்து கொஞ்சம் தப்பினால் காற்றோடு போய்விடும். அப்படி ஆடிப் பழகியவளுக்கு 45 சென்றிமீற்றருக்கு மேல் அகலமான வளையத்தையும், பின்னால் ஒரு பலகையையும் கொடுத்துப் பாருங்கள். அது விளையாட்டா, விருந்தா! முதல்நாள் பலகையில் தட்டி விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா வெளியே வந்து பார்த்தார். அடுத்த வாரம் அவரும் எங்களோடு நின்று எறிந்தார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த இன்னொரு சொத்தும் இங்கே கை கொடுத்தது: பந்தை உயர எறிகிற பழக்கம். இதற்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. பந்து நேர் மேலிருந்து விழுந்தால் வளையம் முழு வட்டமாக அதற்குத் திறந்திருக்கும். சரிவாக வந்தால் அந்தத் திறப்பு ஒடுங்கிவிடும். 45 பாகைச் சரிவில் வரும் பந்துக்கு 45 சென்றிமீற்றர் வளையம் சுமார் 32 சென்றிமீற்றராகத்தான் தெரியும். 30 பாகைக்கு வந்துவிட்டால் 23 சென்றிமீற்றர்கூட இராது. பெரியவர்கள் ஆடும் 7ஆம் இலக்கப் பந்தின் விட்டமோ 24 சென்றிமீற்றர். ஆகவே தட்டையாக எறிந்த பந்து வளையத்தில் படாமல் உள்ளே போவதற்கு வழியே இல்லை! வலைப்பந்தின் சின்ன வளையம் இதைவிடக் கறார். உயரத் தூக்கி எறியாவிட்டால் அங்கே பிழைக்க முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம் 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் இருந்தவர். ஆறடி பத்தங்குல உயரமான அவர்கூட மேலிருந்து பந்தை மெல்ல இறக்கிவைப்பதைத்தான் பார்த்திருக்கிறோம்.

ரொறன்ரோக்காரருக்கு இந்தப் பாடம் 2019 மே 12ஆம் தேதி இரவே விளங்கியிருக்கும். ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கணத்தில் ரொறன்ரோ ராப்டர்ஸ் வீரர் கவாய் லெனார்ட் ஒரு மூலையிலிருந்து வானத்துக்கு எறிந்த பந்து, வளையத்தில் நான்கு தடவை துள்ளித் துள்ளி உள்ளே விழுந்தது. எதிராளியின் நீட்டிய கைக்கு மேலால் அவ்வளவு உயரம் போய் வந்த பந்து என்பதால்தான் அதற்கு அந்த நான்கு துள்ளலும் கிடைத்தன என்று நான் அடித்துச் சொல்வேன். அந்த வருடம் ராப்டர்ஸ் முதன்முதலாக என்.பி.ஏ. கிண்ணத்தை வென்றது. அதற்குப் பிறகு எங்கள் மகள் ஹூப் கேட்டுக் கெஞ்சாத நாளே இல்லை.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் வார்த்தை: கடையில் எல்லாரும் முதலில் பலகையைப் பார்ப்பார்கள். நீங்கள் கம்பத்தின் பின்பக்கம் போய் உயரம் மாற்றும் கைப்பிடியைப் பாருங்கள். என் கண்ணில் ஒரு ஹூப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பத்தடி என்பது யாரோ விஞ்ஞானி உட்கார்ந்து ஆராய்ந்து வைத்த உயரம் என்று நினைக்கிறீர்களா? இந்த விளையாட்டைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் நம்முடைய ஒன்ராறியோக்காரர். ஒட்டாவாவுக்குப் பக்கத்து அல்மொன்ட் ஊருக்கு அருகில் 1861இல் பிறந்தவர். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஆசிரியராக இருந்தபோது, 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் உள்ளே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடத்தின் கம்பியில் அறைந்தார். அந்த மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான்! மாடத்தில் நின்று பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடத் தொடங்கியதால் பின்பலகையும் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டடத்தில் மாடம் ஓரடி பதிவாக இருந்திருந்தால் உலகம் முழுக்க இன்று ஒன்பதடிதான். அந்தத் தற்செயலான உயரத்துக்கு எட்டு வயதுப் பிள்ளை ஏன் எம்பிச் சாக வேண்டும்? வளையம் இறங்கி வரட்டும்!

அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கமும் என்.பி.ஏ.யும் சேர்ந்து சிறுவர்களுக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் இதையேதான் சொல்கிறது. ஏழெட்டு வயதுக்கு எட்டடி, 5ஆம் இலக்கப் பந்து. ஒன்பதிலிருந்து பதினொரு வயதுக்கு ஒன்பதடி, 6ஆம் இலக்கப் பந்து. பன்னிரண்டுக்கு மேல்தான் பத்தடி. அந்த வயதிலும் பெண்பிள்ளைகளுக்கு 6, ஆண்பிள்ளைகளுக்கு 7. பத்தடியில் பெரிய பந்தை எறியும் சின்னப் பிள்ளையைக் கவனியுங்கள்: இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி வீசும். அதே பிள்ளைக்கு எட்டடியில் சின்னப் பந்தைக் கொடுத்தால் முழங்கை தானாக வளையத்துக்கு நேரே வந்து நிற்கிறது, மணிக்கட்டு தானாக மடிகிறது. பயிற்சியாளர் வாயால் சொல்லிக் களைப்பதை உயரம் சத்தமில்லாமல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

சந்தையில் உயரம் மாற்ற மூன்று வகை உண்டு. மலிவானவற்றில் கம்பத்தில் ஓட்டைகள் இருக்கும். ஊசியைக் கழற்றி, ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் அடுத்த ஓட்டையில் செருக வேண்டும். இரண்டாவது, கிணற்று ராட்டினம்போல் சுற்றும் கைப்பிடி. மெதுவானது, ஆனால் பாரமான பலகைக்கு நல்லது, எந்த உயரத்திலும் நிறுத்தலாம். மூன்றாவது, பிடித்து அழுத்தினால் ஏறி இறங்கும் நெம்புப்பிடி. எங்களுடையது அதுதான். ஒரு கை போதும். ஏழரை அடியிலிருந்து பத்தடி வரை அரை அடி அரை அடியாக ஏறும். கடையில் இதை நீங்களே செய்து பாருங்கள், வீட்டில் ஆகச் சின்ன ஆளைக் கூட்டிப்போய் அவரைக்கொண்டும் செய்விக்கப் பாருங்கள். உயரம் மாற்ற இரண்டு பெரியவர்கள் வேண்டுமென்றால் ஒரு மாதத்தில் அது ஒரே உயரத்தில் உறைந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் ஆடுவார். எங்கள் வீட்டிலோ மகன் எட்டடியில் ஆடி முடித்துப் போகும்போதே மகள் "டப்"பென்று பத்துக்கு ஏற்றிவிடுவாள்.

அடுத்தது ஆட்டம். பந்தின் ஆட்டத்தைச் சொல்லவில்லை, கம்பத்தின் ஆட்டத்தை! பந்து பட்டதும் முழு ஹூப்பும் தலையாட்டி நின்றால் அடுத்த பந்தை எறிய மனமே வராது. இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கம்பத்தை நெஞ்சு உயரத்தில் பிடித்து ஒரு உலுப்பு உலுப்பிவிட்டு வளையத்தை நிமிர்ந்து பாருங்கள். எவ்வளவு நேரம் நடுங்குகிறதோ அவ்வளவுக்கு அது உங்களுக்கு வேண்டாம். மூன்று துண்டாக வரும் கம்பத்தைவிட இரண்டு துண்டாக வருவது உறுதி. மூட்டு கூடக் கூட ஆட்டமும் கூடும். மெல்லிய உருளைக் கம்பத்தைவிடத் தடித்த சதுரக் கம்பம் மேல். கம்பத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள தூரத்தையும் பாருங்கள். ஓடிவந்து பந்தை வைத்துவிட்டு அதே வேகத்தில் போகிறவருக்கு அந்த இடைவெளிதான் பாதுகாப்பு. குறைந்தது இரண்டடியாவது இருந்தால் நல்லது. கம்பத்துக்குப் பஞ்சுறை வாங்கிச் சுற்றுவதையும் மறக்க வேண்டாம்.

பலகை மூன்று சாதி. பொலிகார்பனேற் மலிவு, லேசில் உடையாது, ஆனால் பந்தை உறிஞ்சிவிடும், திருப்பி அனுப்பாது. சத்தமும் கலகலவென்று இருக்கும். அக்ரிலிக் விறைப்பானது. பந்து உயிரோடு திரும்பி வரும். பதப்படுத்திய கண்ணாடி போட்டி மைதானத்தில் இருப்பதுபோல், அதற்கு நிகர் இல்லை. ஆனால் பாரமோ பாரம். அதைத் தாங்க அடித்தொட்டியும் கம்பமும் பெருக்க வேண்டும், விலை ஆயிரம் டொலரைத் தாண்டிப் போகும், இடம் மாற்றுவது என்ற பேச்சே போய்விடும். நகர்த்தும் ஹூப்புக்கு அக்ரிலிக்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அகலத்தில் 44 அங்குலத்திலிருந்து 60 வரை கிடைக்கிறது. போட்டிப் பலகை 72 அங்குலம். நாங்கள் 54 எடுத்தோம். பக்கவாட்டில் நின்று பலகையில் சாய்த்துப் போடும் பந்துக்கு இதற்குக் குறைந்தால் இடம் போதாது. அந்தச் சாய்த்துப் போடும் பந்து இருக்கிறதே! பலகையில் வரைந்திருக்கும் சின்னச் சதுரத்தின் மேல்மூலையில் பட்டு, பணிவாகத் திரும்பி, "சரக்" என்று வலையை உரசி இறங்கும்போது வருகிற சந்தோஷத்தை வலைப்பந்துக் காலம் முழுக்க எனக்கு யாரும் தரவில்லை.

இனி அடித்தொட்டி. ஹூப் நிற்பதும் விழுவதும் இதில். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரோ மணலோ நிரப்ப வேண்டும். எங்களுடையதுபோல் 130 லீற்றர் கொள்ளும் தொட்டியில் தண்ணீர் என்றால் 130 கிலோ, காய்ந்த மணல் என்றால் 200 கிலோவை எட்டும். தண்ணீர் வசதிதான். குழாயை விட்டால் நிரம்பிவிடும், நகர்த்த வேண்டுமென்றால் திறந்துவிடலாம். ஆனால் இது கனடா! தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். நிறைந்த தொட்டி ஜனவரியில் வெடித்தால் வசந்தத்தில் உருகி ஒழுகும், பாரம் குறைவது யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர்தான் வேண்டுமென்றால் கோடைக்குடில்களின் குழாய்களுக்கு ஊற்றுகிற நச்சில்லாத உறைதடுப்புத் திரவத்தைப் போதிய அளவு கலக்க வேண்டும். நாங்கள் மணலுக்குப் போனோம். மூட்டை மூட்டையாகக் காய்ந்த மணல், ஒரு புனல், ஒரு குச்சி, பொறுமை. தொட்டியில் கீறல் விழுந்தாலும் மணல் ஒரேயடியாகக் கொட்டிப் போகாது. ஈரம் புகாமல் மூடியை மட்டும் இறுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஈர மணல் இரும்பைத் தின்னும். மணல் நிறைந்ததைச் சாய்த்துச் சக்கரத்தில் தள்ள இரண்டு பெரியவர்கள் வேண்டும். வருடத்தில் எத்தனை தரம் நகர்த்தப் போகிறீர்கள்? தொட்டி நிரம்பும் முன் ஹூப்பை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது மட்டும் கூடவே கூடாது.

வளையத்தில் வில்லு வைத்ததைத்தான் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பின்னாலும் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1979இல் டாரில் டோக்கின்ஸ் என்ற பெரிய உடம்புக்கார வீரர் பந்தைக் குத்தி இறக்கிய வேகத்தில் கண்ணாடிப் பலகை சுக்குநூறானது. அதற்கு முன்பே, இலினோய் மாநிலத்துத் தானியக் களஞ்சியத்தில் வேலை செய்த ஆர்தர் எஹ்ராட் என்பவர், உழவுக் கருவியின் வில்லை எடுத்து, பாரம் வந்தால் மடங்கி மறுபடி நிமிரும் வளையம் செய்திருந்தார். 1982இல் காப்புரிமையும் பெற்றார். இன்று என்.பி.ஏ.யில் இருப்பதும் அந்த வழி வந்ததுதான். ஒரு விவசாயப் பகுதி மனிதரின் மூளை எங்கள் கராஜ் வாசல்வரை வந்திருக்கிறது! வில்லு இருப்பதால் தொங்கலாம் என்று அர்த்தமில்லை. இந்த ஹூப்புகள் தொங்குவதற்குச் செய்தவை அல்ல, ஆளோடு சாயும். ஏழரை அடிக்கு இறக்கிவிட்டு 2000ஆம் ஆண்டின் ராப்டர்ஸ் வீரர் வின்ஸ் கார்ட்டராக மாறுவது எல்லா வீட்டிலும் நடக்கும், எங்கள் வீட்டில் ஐம்பதை நெருங்கும் ஒருவர்கூட மாறுகிறார். பந்தைக் குத்தி இறக்கலாம், கையை உடனே விட்டுவிட வேண்டும். முகம் வலைக்குக் கிட்டப் போகக்கூடாது. முன்பற்கள் வலையில் மாட்டிப் பல் போன கதைகள் உண்மையானவை. மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது? இரண்டு கார் நிற்கும் டிரைவே இருந்தால் ராசயோகம். பலகையிலிருந்து 4.6 மீற்றரில் தனியெறிக் கோடு, அது தாராளமாக அடங்கும். சோக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டால் எங்கள் மைதானம் தயார். ஒரு வளையத்தில் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடும் ஆட்டம் டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே ஒற்றை ஹூப்பை வைத்துக்கொண்டு அரைகுறை மைதானம் என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். நம் டிரைவேக்கள் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் தப்பிய பந்து நேரே கார் வரும் பாதைக்குத்தான் ஓடும், அதன் பின்னால் பிள்ளையும் ஓடும். நாங்கள் ஹூப்பைப் பக்கவாட்டில் திருப்பி, தெருப்பக்கம் ஒரு வலைத்தடுப்பு வைத்தோம். நடைபாதையும் அதையொட்டிய புல்தரையும் நகரசபைக்குரிய நிலம். அங்கே வைத்தால் பனி அள்ளும் வண்டிக்கும் இடைஞ்சல். பெருங்காற்று எச்சரிக்கை வந்தால் ஆகக் குறைந்த உயரத்துக்கு இறக்கிப் படுக்க வையுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு பந்துச் சத்தம் கேட்கக்கூடாது என்று எங்களுக்கு நாங்களே சட்டம் போட்டிருக்கிறோம்.

இவ்வளவும் பார்த்து வாங்கினால் என்ன கிடைக்கும் தெரியுமா? பதின்மூன்று வயது மகள் அறைக் கதவைத் திறந்துகொண்டு தானாக வெளியே வருவாள்! பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று மேசையில் கேட்டால் "ஒண்டுமில்லை" என்கிறவள், பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நின்றால் அரை மணித்தியாலம் பேசுகிறாள். முகத்தைப் பார்க்காமல் வளையத்தைப் பார்த்துப் பேசலாம் என்பது அவளுக்குப் பெரிய சௌகரியம். என் கணவர் வேலையால் வந்து சாப்பாட்டுப் பையை வைக்காமலே ஒரு எறி எறிகிறார். தெருவில் பேர் தெரியாமல் தலையாட்டிப் போன ஆட்கள் இப்போது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே என் அம்மா. முதலில் கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"அம்மம்மா, ஒருக்கா எறிஞ்சு பாருங்கோ" என்றான் மகன்.

"எனக்கேன் ராசா இந்த வயசில?"

"ஏழரைக்கு இறக்கிவிடுறன், வாங்கோ!"

இறக்கினான். சின்னப் பந்தைக் கையில் கொடுத்தான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா எறிந்த முதல் பந்து பலகைக்கே எட்டவில்லை. பிறகு எறிந்த ஒன்று வளையத்தைச் சுற்றி வந்து உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து மாலையில் அவருடைய முறை வரும்போது யாரும் கேட்க வேண்டியதில்லை, கைப்பிடியை இறக்கிவிட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளைக்கு என்று வாங்கிய சாமானில் பாட்டியும் ஆடுகிறார் என்றால், அது அந்த ஒரு கைப்பிடியின் புண்ணியம்.

ஆகவே மக்களே, பனி உருகட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கோடை தொடங்கியதும் நல்லதெல்லாம் முதலில் விற்றுப்போகும். இந்தச் சனிக்கிழமையே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு டிரைவேயில் இறங்குங்கள். அகலத்தை எழுதிக்கொள்ளுங்கள், சரிவைப் பாருங்கள், கடைக்குப் போய்க் கம்பத்தை உலுப்புங்கள், கைப்பிடியை இறக்கி ஏற்றுங்கள். பூட்டுவதற்குச் சொக்கெட் சாவிகளும், கோபம் வராத ஒரு துணையும், முழுப் பின்னேரமும் ஒதுக்கிவையுங்கள். பந்து மட்டும் ஒன்றோடு நிறுத்த வேண்டாம். 5, 6, 7 மூன்றையும் வாங்குங்கள். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் கட்டாயம் கூப்பிடுங்கள். தனியெறிக் கோட்டிலிருந்து ஆளுக்குப் பத்துப் பந்து. தோற்றவர் எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தர வேண்டும். சாப்பிட நான் இப்போதே தயார்!